வேலூரில் கட்டுப்படியாகும் விலையில் நல்ல முழுக்கோழி ரோஸ்ட்: கடையா, வீடா?

#1 சத்துவாச்சாரிக்காரன்

எல்லாருக்கும் வணக்கம். சத்துவாச்சாரியில் இருக்கிறோம். வீட்டில் நாலு பேர், அதில் இரண்டு பிள்ளைகள். சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் கிரில் சிக்கன் கேட்கிறார்கள். எங்கள் பக்கம் ஒரு ஃபுல் 400-ஐத் தாண்டிவிட்டது. நாலு பேருக்கு அது பத்தாது. கூடவே ரொட்டி, பரோட்டா என்று வாங்கினால் 600 பக்கம் வந்து நிற்கிறது.

பணத்தைவிட எனக்கு வருத்தம் அதன் தரம்தான். மார்புக்கறி நார் நாராக உலர்ந்து தொண்டையில் அடைக்கிறது. வெளியே செக்கச்செவேல் என்று மசாலா, உள்ளே உப்பே ஏறியிருக்காது. பிள்ளைகள் தோலை மட்டும் தின்றுவிட்டு மிச்சத்தை மயோனைஸில் முக்கி முக்கி இறக்குகிறார்கள்.

நான் கேட்பது கடாயில் பிரட்டி எடுக்கும் சிக்கன் ரோஸ்ட் இல்லை. முழுக்கோழி, தோலோடு, நெருப்புச் சூட்டில் வெந்தது, வெட்டினால் உள்ளே சாறு இருக்க வேண்டும். காட்பாடி முதல் பாகாயம் வரை எங்கே நம்பி வாங்கலாம்? இல்லை, வீட்டிலேயே செய்தால் கட்டுப்படி ஆகுமா? கேக் செய்வதற்காக வாங்கிய 28 லிட்டர் ஓ.டி.ஜி. (சின்ன கரண்ட் ஓவன்) ஒன்று வீட்டில் இருக்கிறது.

#2 காட்பாடி ஹாஸ்டல்

அண்ணா, கடைப் பெயர் சொன்னால் ஆறு மாதத்தில் அது பொய்யாகிவிடும். கிரில் மாஸ்டர் மாறினால் ருசியும் மாறிவிடுகிறது. வி.ஐ.டி. பக்கம் எங்கள் செட்டில் எல்லாரும் பார்ப்பது ஒன்றுதான்: கோழி எவ்வளவு வேகமாகக் கம்பியை விட்டு இறங்குகிறது என்பது. ஏழு, ஏழரைக்குக் கூட்டம் மொய்க்கும் கடையில் கோழி காய்ந்து போக நேரமே இருக்காது. ஏசி போட்ட பெரிய ஹோட்டலில் அதே கோழி ஒன்பதரை வரை கண்ணாடிக்குள் சுற்றிக்கொண்டிருக்கும்.

#3 கிரில் மாஸ்டர்

தம்பி சொன்னது சரி. ராணிப்பேட்டையிலும் வேலூரிலும் கிரில் கவுன்ட்டரில் வேலை பார்த்தவன் நான். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தால் வாங்கும்போது உங்களுக்கு உதவும்.

கண்ணாடிப் பெட்டிக்குள் நாலைந்து கம்பி. ஒரு கம்பிக்கு ஐந்தாறு கோழி. பின்பக்கம் வரிசையாக கேஸ் பர்னர். சாயங்காலம் ஐந்தரை மணி வாக்கில் ஏற்றுவோம். ஒரு கிலோ அளவுள்ள கோழி வேக ஒன்றேகால் மணி நேரம் வரை பிடிக்கும். மேல் கம்பிக் கோழியின் கொழுப்பு உருகிக் கீழ்க் கம்பி மேல் சொட்டிக்கொண்டே இருக்கும். அதனால் கீழே இருக்கும் கோழியின் தோல் நன்றாகப் பளபளக்கும், கறியும் அவ்வளவு சீக்கிரம் காயாது. முதல் சுற்று ஏழு மணிக்கு இறங்கும். அந்த நேரத்துக்குப் போய் நிற்பவருக்குத்தான் நல்ல கோழி.

அதற்கு அப்புறம்தான் பிரச்சினை. விற்காத கோழியை இறக்கி வைத்தால் ஆறிவிடும் என்று பர்னரைச் சிம்மில் வைத்து அப்படியே சுழல விடுவார்கள். ஒன்பது மணிக்கு நீங்கள் வாங்குவது இரண்டு மணி நேரம் கூடுதலாக வெந்த கோழி. மார்பில் கொழுப்பு கிடையாது, அதனால் முதலில் சக்கையாவது அதுதான். தொடையும் காலும் தாங்கும். தாமதமாகப் போக நேர்ந்தால் ஃபுல் வேண்டாம், கால் பக்கத்துக் குவார்ட்டர் இரண்டு கேளுங்கள். கூட்டம் இல்லாத நேரத்தில் கேட்டால் தருவார்கள்.

உப்பு ஏறாததற்குக் காரணம் வேறு. மத்தியானம் மூன்று மணிக்கு மசாலா தடவி ஐந்தரைக்கு ஏற்றினால் மேலே மட்டும்தான் பிடிக்கும். நல்ல மாஸ்டர் முந்தின ராத்திரியே உப்பு, பூண்டு, எலுமிச்சம்பழம் போட்டு ஃபிரிட்ஜில் ஊற வைப்பார். கவுன்ட்டரில் நிற்கும் பையனிடம் "எப்போ ஊற வெச்சது?" என்று கேளுங்கள். முதல் நாள் ஊற வைத்த கடைக்காரர் அதைப் பெருமையாகவே சொல்லுவார்.

வெட்டித் தரும்போது தொடையும் உடம்பும் சேரும் மூட்டைப் பாருங்கள். அங்கே கறி இன்னும் வழவழப்பாக, பச்சையாகத் தெரிந்தால் கூச்சப்படாமல் திருப்பிக் கொடுங்கள், மறுபடி சூட்டில் வைத்துத் தரச் சொல்லுங்கள். பிள்ளைகள் சாப்பிடுவது.

#4 பாலாற்றங்கரை

நிறத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே. அந்தச் செக்கச்செவேல் எங்கிருந்து வருகிறது? காஷ்மீரி மிளகாய்த்தூள் போட்டால் செம்பழுப்புதான் வரும், ஆரஞ்சு வராது. கர்நாடகத்தில் 2024 ஜூனில் கபாப் வகைகளில் செயற்கை நிறத்துக்குத் தடையே போட்டார்கள். இங்கேயும் உணவுப் பாதுகாப்புத் துறையினர் நிறம் சேர்த்த சிக்கனைப் பிடித்து அழிக்கிறார்கள், பிறகு ஒரு வாரத்தில் பழைய கதைதான்.

வீட்டில் செய்து பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. ஒரு துண்டை வெறும் தண்ணீரில் போடுங்கள். மிளகாயின் சிவப்பு எண்ணெயில் கரைவது, தண்ணீரில் மேலே சிவந்த எண்ணெய்த் திட்டாக மிதக்கும். கலர் பவுடர் தண்ணீரில் கரைவது, தம்ளர் முழுக்க ஒரே சீராக ஆரஞ்சாகிவிடும். என் மகளுக்கு முன்னால் ஒரு தடவை செய்து காட்டினேன். அதிலிருந்து அந்தக் கடைப் பக்கம் போகச் சொல்லி அவள் கேட்பதே இல்லை.

#5 கிரில் மாஸ்டர்

நிறம் போடாத கோழியைக் கம்பியில் ஏற்றினால் "என்ன வெளுத்துப் போயிருக்கு" என்று கேட்டுவிட்டுப் பக்கத்துக் கடைக்குப் போகிறார்கள் அண்ணா. முதலாளி என்ன செய்வார்? வாங்குபவர்கள் பழுப்பு நிறக் கோழியைக் கேட்டு வாங்க ஆரம்பித்தால் கடைக்காரர்கள் தானாக மாறுவார்கள். பெப்பர் கிரில் கேளுங்கள், அதில் கலர் போடும் கடை குறைவு.

மயோனைஸும் கவனம். பச்சை முட்டையில் அடித்த மயோனைஸுக்குத் தமிழக அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை போட்டது. சும்மா போடவில்லை. வேலூர் வெயிலில் மேசை மேல் மூன்று மணி நேரம் இருக்கும் பச்சை முட்டை என்ன ஆகும் என்று நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். பூண்டுச் சட்னி போதும்.

#6 பாகாயம் அக்கா

தம்பி, ஓ.டி.ஜி. வைத்துக்கொண்டு ஏன் கடைக்கு அலைகிறீர்கள்? வீட்டில் செய்வதுதான் சரி. எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸுக்கு முழுக்கோழி ரோஸ்ட் இல்லாமல் இருந்ததில்லை. அம்மா ராணிப்பேட்டை ஸ்கடர் மருத்துவமனையில் நர்ஸாக இருந்தார். 1853-ல் தொடங்கிய ஆற்காடு மிஷன் காலத்திலிருந்தே துரைசாணிகள் வீட்டு ரோஸ்ட்டை நம் சமையல்காரர்கள்தான் செய்தார்கள் என்பார். ஆனால் அம்மா கைக்கு வந்தபோது அதில் மிளகும் பூண்டும் ஏறிவிட்டது. வீட்டில் ஓவன் கிடையாது. மசாலா தடவிய கோழியைத் தட்டில் வைத்துத் தெருமுனை பேக்கரியில் கொடுப்போம். ரொட்டி சுட்டு முடித்த விறகு அடுப்பின் மிச்சச் சூட்டில் வைத்துத் தருவார்கள். இப்போது அப்படிக் கேட்டால் சிரிப்பார்கள், எல்லாரும் கரண்ட் ஓவனுக்கு மாறிவிட்டார்கள்.

முறை சொல்கிறேன். சுத்தம் செய்த பிறகு 1.2 கிலோ வரும் கோழி எடுங்கள், தோலோடு. தண்ணீர் சொட்டில்லாமல் துணியால் ஒற்றுங்கள். பதினைந்து கிராம் உப்பு, அதாவது ஒரு மேசைக்கரண்டிக்குச் சற்றுக் குறைவு, வெளியேயும் வயிற்றுக்குள்ளும் தேய்த்துவிடுங்கள். வேறெதுவும் வேண்டாம், உப்பு மட்டும். மூடாமல் ஃபிரிட்ஜின் அடித்தட்டில் ராத்திரி முழுக்க வையுங்கள். முதலில் உப்பு தண்ணீரை வெளியே இழுக்கும், விடிவதற்குள் அந்த உப்புத் தண்ணீரையே கறி திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். உள்வரை உப்பு ஏறுவது அப்படித்தான். அதே நேரத்தில் தோல் காய்ந்து காகிதமாகிவிடும், விரலால் தட்டினால் சத்தம் கேட்கும். அந்தத் தோல்தான் ஓவனில் மொறுமொறுவென்று வரும். ஈரத்தோல் எத்தனை சூடு வைத்தாலும் அவிந்துதான் போகும்.

மறுநாள் மார்புப் பக்கம் தோலுக்கும் கறிக்கும் நடுவில் விரலை மெதுவாக விட்டால் பை போலத் திறக்கும். உள்ளே இரண்டு ஸ்பூன் வெண்ணெயில் இடித்த மிளகும் பூண்டும் கலந்து தள்ளிவிடுங்கள். வெளியே எண்ணெய், கொஞ்சம் காஷ்மீரி மிளகாய்த்தூள். தயிர் வேண்டாம், அது தோலை ஈரமாக்கிவிடும், சீக்கிரம் கருகும்.

28 லிட்டர் ஓ.டி.ஜி.யில் முழுக்கோழியை நிமிர்த்தி வைத்தால் மார்பு மேல் கம்பிக்கு மிக அருகில் வந்துவிடும். மேலே கருகி, தொடை வேகாமல் நிற்கும். அதனால் முதுகெலும்பை இரண்டு பக்கமும் கத்தரியால் வெட்டி எடுத்துவிட்டு, கோழியை மார்பு மேலே பார்க்கும்படி திருப்பி, மார்பெலும்பு 'டக்' என்று உடையும்வரை உள்ளங்கையால் அழுத்தி விரித்துவிடுங்கள். புத்தகம் திறந்ததுபோல் தட்டையாகிவிடும். 210 டிகிரியில் முன்னதாகவே சூடேற்றி, மேல் கம்பி கீழ்க் கம்பி இரண்டும் போட்டு, நடுத்தட்டுக்கு ஒரு படி கீழே 45 முதல் 50 நிமிடம். கீழே தட்டில் உருளைக்கிழங்கும் சின்ன வெங்காயமும் போட்டால் சொட்டும் கொழுப்பில் அதுவும் வெந்துவிடும்.

ஒரு சமையல் தெர்மாமீட்டர் வாங்கிவிடுங்கள். எலும்பைத் தொடாமல் தொடையின் தடித்த இடத்தில் குத்தினால் 74 டிகிரிக்கு மேல் காட்ட வேண்டும். எடுத்த உடனே வெட்டாதீர்கள். பத்து பதினைந்து நிமிடம் அப்படியே விடுங்கள். பிள்ளைகள் பக்கத்தில் நின்று தோலைப் பிய்ப்பார்கள், விரட்டிவிடுங்கள்.

#7 சத்துவாச்சாரிக்காரன்

அக்கா, ரொம்ப நன்றி. ஒரு சந்தேகம். தோலோடு முழுக்கோழி எங்கே கிடைக்கிறது? நான் கேட்ட கடைகளில் எல்லாம் "தோல் உரிச்சுத்தான் தருவோம்" என்கிறார்கள்.

#8 கோழிக்கடை

அதை நான் சொல்கிறேன். குடியாத்தம் பக்கம் கறிக்கோழிக் கடை வைத்திருக்கிறேன்.

தோலை உரிக்கும்போது இறகும் அதோடு சேர்ந்தே வந்துவிடும், இரண்டு நிமிட வேலை. தோலோடு வேண்டும் என்றால் கோழியை வெந்நீரில் முக்கி எடுத்து, இறகு பிடுங்கும் மிஷினில் சுற்றி, மிச்சம் இருக்கும் பொடி இறகைக் கையால் எடுத்து, நெருப்பில் வாட்ட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் இருபது பேர் நிற்கும்போது யாரும் அதைச் செய்ய மாட்டார்கள். இறகு மிஷின் வைத்திருக்கும் கடையாகப் பார்த்து, முதல் நாளே போனில் சொல்லிவிட்டு, வெள்ளி அல்லது சனி காலை போய் வாங்குங்கள். மிஷின் இருக்கிறதா என்று கடை வாசலிலேயே தெரியும், உள்ளே ரப்பர் விரல் பதித்த எவர்சில்வர் டிரம் நிற்கும்.

அளவு முக்கியம். கறிக்கோழி ஐந்தாறு வாரத்தில் இரண்டு கிலோ வந்துவிடுகிறது, எங்களுக்கு வரும் லோடில் பெரும்பாலும் இரண்டும் அதற்கு மேலும்தான். ரோஸ்ட்டுக்கு அது பெரிசு. உயிர் எடை 1.6 முதல் 1.8 கிலோவுக்குள் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். ஹோட்டல்காரர்கள் "தந்தூரி சைஸ்" என்று கேட்டு வாங்குவது இன்னும் சிறிசு.

வெட்டும்போது "முழுசா, வயிறு மட்டும் சின்னதா கிழிச்சு" என்று சொல்லுங்கள். முதுகோடு ஒட்டியிருக்கும் நுரையீரலை விரலால் சுரண்டி எடுக்கச் சொல்லுங்கள், அவசரத்தில் விட்டுவிடுவார்கள். வால் நுனியில் இருக்கும் எண்ணெய்ச் சுரப்பியையும் வெட்டிவிட வேண்டும்.

கணக்கு இதுதான். போன வாரம் எங்கள் கடையில் உயிர்க்கோழி கிலோ 150. 1.8 கிலோ கோழி 270 ரூபாய். தலை, கால், குடல் போக, தோலோடு ஏறக்குறைய 1.3 கிலோ நிற்கும். வெண்ணெய், மிளகு, பூண்டு எல்லாம் சேர்த்து 30. கரண்ட் ஒன்றரை யூனிட்டுக்குள். 310 ரூபாய்க்குள் முடிந்துவிடும், அதுவும் ஹோட்டல் ஃபுல்லைவிடப் பெரிய கோழி. விலை தினமும் மாறும். புரட்டாசியில் இறங்கும், தீபாவளிக்கு முந்தின நாள் ஏறும். புரட்டாசி பார்க்காத வீடு என்றால் அந்த மாதம்தான் உங்களுக்கு லாபம்.

#9 பாலாற்றங்கரை

பிராய்லரை எதற்கு இவ்வளவு பாடுபட்டுச் சுட வேண்டும்? நாட்டுக்கோழி வாங்கி மஞ்சள் தடவி வாட்டிச் செய்தால் அதன் ருசியே தனி.

#10 கோழிக்கடை

ருசி தனிதான், நான் மறுக்கவில்லை. ஆனால் வளர்ந்த நாட்டுக்கோழியை ஓவனில் வைத்தால் பல்லுக்கு வேலை. அதன் இறைச்சி குழம்பில் மெதுவாக வேக வேண்டியது. நாட்டுக்கோழிதான் வேண்டும் என்றால் விடைக்கோழி கேளுங்கள், முட்டைக்கு வராத இளசு, கிலோவுக்குள் நிற்கும். விலை பிராய்லரைப்போல் இரண்டு மூன்று மடங்கு ஆகும். இந்த இழை கட்டுப்படியாகும் விலையைப் பற்றியது, அதனால்தான் நான் அதைச் சொல்லவில்லை.

#11 மேல்விஷாரம் பாய்

அஸ்ஸலாமு அலைக்கும். ஓவன் இல்லாதவர்களுக்காக ஒன்று சொல்லலாம் என்று வந்தேன். எங்கள் பக்கம் கல்யாணப் பிரியாணிக்குத் தம் போடும்போது தேக்சா மூடி மேல் தணல் அள்ளிப் போடுவார்கள், தெரியும்தானே. கீழே நெருப்பு குறைந்திருக்கும், மேலே தணல் இருக்கும். ஓவனும் செய்வது அதையேதான்.

வீட்டில் கனமான சின்ன தேக்சா இருந்தால் போதும். அடியில் வெங்காயத்தைத் தடித்த வட்டமாக வெட்டிப் பரப்பி, அதன் மேல் கோழி. மூடியைச் சுற்றி மைதா மாவு ஒட்டி, கீழே ஒரு கைப்பிடித் தணல், மூடி மேல் இரண்டு மடங்கு தணல். முக்கால் மணி நேரம் திறக்கவே கூடாது. அப்புறம் மாவைப் பெயர்த்து, ஆவியை விட்டுவிட்டு, மூடி மேல் புதுத் தணல் போட்டு இன்னொரு பதினைந்து நிமிடம் வைத்தால் தோல் சிவக்கும். ஈத் அன்றைக்கு வயிற்றுக்குள் அவித்த முட்டையும் முந்திரியும் வைத்து முர்க் முசல்லம் செய்வது எங்கள் வீட்டில் இந்த முறையில்தான். மொட்டை மாடியில் செய்யுங்கள், மூடிய அறைக்குள் கரி போடக் கூடாது.

கூட வைக்க ரொட்டியைவிட நல்லது கத்தரிக்காய் கொத்சு. இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் கிடைத்தால் விடாதீர்கள், புவிசார் குறியீடு வாங்கிய வேலூர் மாவட்டத்துக் காய். கொத்சுவின் புளிப்பு கோழிக் கொழுப்போடு அவ்வளவு பொருந்தும்.

#12 காட்பாடி ஹாஸ்டல்

பாய், பசியைக் கிளப்பிவிட்டீர்கள். ஹாஸ்டலில் தணலும் கிடையாது, தேக்சாவும் கிடையாது. இந்த லீவுக்கு ஊருக்குப் போனதும் முதல் வேலை இதுதான்.

#13 சத்துவாச்சாரிக்காரன்

செய்துவிட்டேன்! வெள்ளிக்கிழமை காலை மிஷின் வைத்திருக்கும் கடையில் 1.7 கிலோ கோழி எடுத்தேன். ராத்திரி முழுக்க உப்பில் இருந்தது. சனிக்கிழமை சாயங்காலம் அக்கா சொன்னபடி விரித்து வைத்து 50 நிமிடம். தெர்மாமீட்டர் தொடையில் 80 காட்டியது, மார்பில் 75.

கத்தி வைத்ததும் தோல் உடைகிற சத்தம் சமையலறைக்கு வெளியே கேட்டது. மார்பை வெட்டினால் பலகையில் சாறு ஓடுகிறது. பெரியவன் மார்புக்கறியைத் தானாகக் கேட்டுத் தின்றது இதுதான் முதல் முறை. மயோனைஸை யாரும் கேட்கவில்லை. தட்டில் கிடந்த உருளைக்கிழங்குக்குத்தான் சண்டை நடந்தது. மொத்தச் செலவு 300-க்குள், நாலு பேரும் வயிறு நிறையச் சாப்பிட்டு ஒரு தொடை மிச்சம்.

இரண்டு கேள்வி. நடுவில் ஓ.டி.ஜி.யிலிருந்து நிறையப் புகை வந்தது, அது ஏன்? அப்புறம், என் மாமியார் கோழியைக் கழுவாமல் உப்புப் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்கிறார். கழுவலாமா?

#14 பாகாயம் அக்கா

கேட்கவே சந்தோஷமாக இருக்கிறது தம்பி. புகை வருவது கொழுப்பு சூடான வெறும் தட்டில் விழுந்து தீய்வதால். கிழங்கைத் தட்டு முழுவதும் இடைவெளி இல்லாமல் பரப்புங்கள், இல்லையென்றால் அரை தம்ளர் தண்ணீர் ஊற்றுங்கள். அதற்கு மேல் ஊற்றினால் ஆவி கிளம்பித் தோலைக் கெடுத்துவிடும்.

கழுவுவது பற்றி: குழாயடியில் வைத்து அலசும்போது தண்ணீர் தெறித்து, கோழியில் இருக்கும் கிருமி மேடை, கத்தி, பக்கத்தில் இருக்கும் தக்காளி வரைக்கும் போகும். கிருமியைக் கொல்வது சூடுதான், தண்ணீர் இல்லை. கடையில் சுத்தமாக வெட்டி வாங்கினால் துணியாலோ காகிதத் துண்டாலோ ஒற்றி எடுப்பதே போதும். மாமியார் மனசு கேட்கவில்லை என்றால் ஒரு பாத்திரத்தில் மஞ்சள் தண்ணீர் வைத்து அதற்குள்ளேயே முக்கி எடுக்கச் சொல்லுங்கள், குழாயைத் திறக்க வேண்டாம். பிறகு தொட்டியையும் மேடையையும் சோப்புப் போட்டுத் தேய்த்துவிடுங்கள். பெரியவர்களோடு இதற்கெல்லாம் மல்லுக்கட்ட வேண்டாம்.

மிச்சத் தொடையை இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்தீர்களா? மே மாதம் வேலூரில் 40 டிகிரி தாண்டும்போது ஒரு மணி நேரத்துக்குள்ளேயே வைத்துவிட வேண்டும்.

#15 தோட்டப்பாளையம் லாட்ஜ்

வணக்கம். திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து அப்பாவை சி.எம்.சி.க்கு அழைத்து வந்திருக்கிறோம். ஆபரேஷன் முடிந்து தேறிக்கொண்டிருக்கிறார். சமையல் வசதி உள்ள அறை எடுத்திருக்கிறோம். வாடகைக்கு ஒரு கேஸ் அடுப்பு, ஐந்து லிட்டர் குக்கர், இரும்பு தோசைக்கல், இரண்டு மூன்று பாத்திரம், அவ்வளவுதான். கறி சாப்பிடலாம், காரமும் எண்ணெயும் குறைவாக என்று டாக்டர் சொல்லிவிட்டார். கீழே ரோட்டில் கிரில் வாசனை வரும்போதெல்லாம் அப்பா ஜன்னல் பக்கம் பார்க்கிறார். வெளியே வாங்கிக் கொடுக்க எனக்குப் பயமாக இருக்கிறது. இந்தச் சாமான்களை வைத்து ஏதாவது செய்ய முடியுமா?

#16 கிரில் மாஸ்டர்

வெளியே வாங்கவே வாங்காதீர்கள் அம்மா. உடம்பு தேறுகிறவருக்குக் கவுன்ட்டர் கோழி வேண்டாம், நானே அந்த வேலை பார்த்தவன் சொல்கிறேன். தோசைக்கல் இருக்கிறது என்றால் கவலையே இல்லை. அக்கா முறையைச் சொல்லட்டும்.

#17 பாகாயம் அக்கா

தாராளமாகச் செய்யலாம் அம்மா. முழுக்கோழி வேண்டாம், நீளவாக்கில் பிளந்த அரைக் கோழி எடுங்கள், தோலோடு. 450, 500 கிராம் வரும். அரைத் தேக்கரண்டியைவிடக் கொஞ்சம் கூட உப்பு, மிளகுத்தூள் ஒரு சிட்டிகை, பூண்டு, அரை மூடி எலுமிச்சம்பழம். லாட்ஜில் ஃபிரிட்ஜ் இல்லை என்றால் ஊறப் போட வேண்டாம், தடவிய உடனே சமைத்துவிடுங்கள்.

குக்கரின் அடியில் இரண்டு வெங்காயத்தை வட்டமாக வெட்டிப் போட்டுக் கால் தம்ளர் தண்ணீர் ஊற்றுங்கள். அதன் மேல் கோழி, தோல் மேலே பார்க்கட்டும். கேஸ்கட்டைக் கழற்றிவிட்டு, வெயிட்டும் போடாமல் மூடியை மட்டும் மேலே வையுங்கள். சின்னத் தீயில் 30 நிமிடம். நடுவில் ஒரு தடவை தண்ணீர் வற்றிவிட்டதா என்று பாருங்கள். வெயிட் போட்டு விசில் விட்டால் கறி எலும்பை விட்டுக் கழன்று போகும், அது ரோஸ்ட் ஆகாது.

வெந்ததும் எடுத்துத் தோலை நன்றாக ஒற்றிவிட்டு, சூடான தோசைக்கல்லில் ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டுத் தோல் பக்கம் கீழே இருக்கும்படி வையுங்கள். மேலே ஒரு பாத்திரத்தில் பாதித் தண்ணீர் நிரப்பிக் கனத்துக்கு வையுங்கள், பாத்திரத்தின் அடி சுத்தமாக இருக்கட்டும். மிதமான தீயில் ஏழெட்டு நிமிடம், அசைக்கக் கூடாது. தோல் முழுக்கக் கல்லில் ஒட்டி அழுந்தியிருப்பதால் ஒரே சீராகச் சிவந்து வரும், தானாகக் கல்லை விட்டு விலகும். அதற்கு முன்னால் கரண்டி போட்டுப் பெயர்த்தால் தோல் கிழிந்துவிடும். தெர்மாமீட்டர் இல்லாததால் தொடை மூட்டில் கீறிப் பாருங்கள், எலும்பு ஓரம் வரை வெந்திருக்க வேண்டும், வழவழப்பு இருக்கக் கூடாது.

குக்கரில் வெங்காயத்தோடு நிற்கும் சாறு அப்பாவுக்கு ரொம்ப நல்லது. கொஞ்சம் மிளகு தட்டிப் போட்டுச் சூடாகக் குடிக்கக் கொடுங்கள். தோலை ஒரு துண்டு ருசிக்குக் கொடுத்தால் போதும், மீதியை நீங்கள் சாப்பிடுங்கள்.

#18 தோட்டப்பாளையம் லாட்ஜ்

அக்கா, இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு ரொம்ப ரொம்ப நன்றி. நாளைக்கே செய்கிறேன். அரைக் கோழி மட்டும் தோலோடு கேட்டால் தருவார்களா?

#19 கோழிக்கடை

தருவார்கள் அம்மா. ஏழு மணிக்குள் போய்ச் சொல்லிவிடுங்கள், இன்னொரு பாதியை வாங்க ஆள் வரும்வரை அரை மணி நேரம் காத்திருக்க வேண்டியிருக்கும். நோயாளிக்கு என்று சொல்லுங்கள், கண்ணெதிரே புதுசாக வெட்டித் தருவார்கள். நேதாஜி மார்க்கெட் பக்கம் உங்களுக்கு நடக்கும் தூரம்தான். வாங்கிய உடனே அறைக்கு வந்துவிடுங்கள், காய்கறி எல்லாம் அதற்கு முன்னாலேயே வாங்கி முடித்துவிடுங்கள்.